மழை பிடிக்கிற குழலும் ஒன்றரை டூபாவும்: பேஸ் வாசிக்கிறவர்கள் வைக்கிற பட்டப்பெயர்கள்

பேண்டு செட் போகும்போது எல்லோர் கண்ணும் டிரம்பெட்காரர் மேல்தான் இருக்கும். கிளாரினெட்டுக்கு நெளிவு சுளிவு உண்டு, டிரம் அடிக்கிறவரைச் சுற்றி நாலு பசங்க ஆடுவார்கள். பின்வரிசையில் பெரிய குழலைக் கட்டிக்கொண்டு நடக்கிறவருக்குப் 'பூம், பூம்' மட்டும்தான் வேலை. அந்தப் பூம் நின்றுபோனால்தான் அது இவ்வளவு நேரம் இருந்ததே நமக்குத் தெரியும். கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பேண்டு செட்டுகளில் நான் பார்த்த வரைக்கும் இப்போது இந்த வேலையைப் பெரும்பாலும் யூஃபோனியம்தான் செய்கிறது. போலீஸ் பேண்டு, பெரிய பள்ளிக்கூடத்து பேண்டு என்று போனால் தோளைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கிற சூசாஃபோனைப் பார்க்கலாம். உட்கார்ந்து மடியில் வைத்து வாசிக்கிற டூபாவை நேரில் பார்த்தவர்கள் நம் பக்கம் குறைவுதான். இவை எல்லாம் ஒரே குடும்பம்.

இந்தக் குடும்பத்துக்காரர்கள் தங்கள் வாத்தியத்துக்கு வைத்திருக்கிற கேலிப் பெயர்கள் கொஞ்சநஞ்சமில்லை. பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்தவை. கேட்டவுடன் சிரிப்பு வரும், ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் ஒவ்வொரு பெயரும் வாத்தியத்தைப் பற்றி ஏதோ ஒரு உண்மையைச் சொல்கிறது: எவ்வளவு பெருசு, எப்படித் தூக்குகிறார்கள், சத்தம் எந்தப் பக்கம் போகிறது, யார் செய்தது, எங்கே ஒட்டுப்போட்டது என்று. வாசிக்கிறவர் வைக்கிற பட்டப்பெயருக்கும் வேடிக்கை பார்க்கிறவர் வைக்கிற பட்டப்பெயருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசமும் இதில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் டூபா என்கிற பெயரையே எடுத்துக்கொள்வோம். பழைய ரோமானியர்கள் படையில் ஊதிய நேரான, நீளமான வெண்கலக் குழலுக்குத்தான் அந்தப் பெயர். வளைந்த குழலுக்கு கார்னு என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். நம் கோயில் திருவிழாவில் தாரையும் கொம்பும் சேர்ந்து வருகிறதே, நேராக ஒன்று, வளைந்து ஒன்று, கிட்டத்தட்ட அதே ஜோடி. ரோமானியக் காசு புதையல் புதையலாகக் கிடைத்த வெள்ளலூர் நம் ஊர்தான் என்பதால் இதைப் படித்தபோது எனக்குத் தனி சந்தோஷம். சரி, நேரான குழலின் பெயர் எப்படி இவ்வளவு சுருண்ட வாத்தியத்துக்கு வந்தது? 1835 செப்டம்பர் 12-ஆம் தேதி பெர்லினில் வில்ஹெல்ம் வீப்ரெக்ட் என்கிற ராணுவ பேண்டு மாஸ்டரும் ஜோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸ் என்கிற வாத்தியம் செய்கிறவரும் சேர்ந்து 'பாஸ் டூபா'வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஐந்து வால்வு, அதாவது அழுத்தினால் காற்று போகிற குழாயின் நீளத்தை மாற்றுகிற விசை, வைத்த எஃப் சுருதி வாத்தியம். பழைய லத்தீன் பெயரை எடுத்துப் புது வாத்தியத்துக்குச் சூட்டினார்கள், அது நிலைத்துவிட்டது. இப்போது புழக்கத்தில் இருக்கிற பெரிய பி ஃபிளாட் டூபாவின் குழாயை நிமிர்த்தி நீட்டினால் சுமார் 18 அடி வரும். சி சுருதி என்றால் 16 அடி, ஈ ஃபிளாட் 13, எஃப் 12.

டூபா வருவதற்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவை எல்லாம் பாம்புகள். உண்மையாகவே பெயர் அப்படித்தான். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் வந்த வாத்தியத்துக்கு 'செர்பென்ட்', அதாவது பாம்பு என்று பெயர். மரத்தில் செய்து, மேலே கறுப்புத் தோல் சுற்றி, எட்டு அடி நீளத்தை நெளித்து நெளித்து மடக்கியிருப்பார்கள். விரல் வைக்கிற ஓட்டைகள் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நெளிவு. தேவாலயத்தில் பாடுகிறவர்களின் கீழ்ஸ்தாயிக்குத் துணையாக ஊதினார்கள். அடுத்து 1817 வாக்கில் பாரிசில் ஹலாரி என்பவர் பித்தளையில் சாவி வைத்து ஒன்று செய்தார். அதற்கு 'ஆஃபிக்ளைட்' என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார்கள். பொருள் என்னவென்றால் சாவி வைத்த பாம்பு. 1840 வாக்கில் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் வுட் சகோதரர்கள் இரண்டு பேர் செர்பென்ட்டை இரண்டு மடங்காக்கி ஒன்று செய்தார்கள். அதைப் பிற்பாடு எல்லோரும் 'அனகோண்டா' என்றே கூப்பிட்டார்கள். அது இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் வாத்தியச் சேகரிப்பில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் செர்பென்ட்டுக்கு மறுபடி உயிர் கொடுத்த கிறிஸ்டோபர் மங்க், மேல்ஸ்தாயிக்கு ஒரு குட்டி செர்பென்ட் செய்து அதற்குப் 'புழு' என்று பெயர் வைத்தார். பாம்பு, சாவிப் பாம்பு, அனகோண்டா, புழு. இந்தப் பரம்பரையில் கேலி என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது இல்லை, ஆரம்பத்திலேயே இருந்தது.

இந்தக் கதை எதுவும் தெரியாத எங்கள் தெருப் பசங்க, சூசாஃபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்து "டேய், மலைப்பாம்புடா" என்று கத்தினார்கள். பார்க்கிற கண் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

அப்புறம் அளவு. டூபாக்காரர்கள் பேச்சில் அதிகம் அடிபடுவது இதுதான். டூபாவை முக்கால், முழுசு, ஒன்றேகால், ஒன்றரை என்று பிரிப்பார்கள். அவர்கள் பின்னத்தில் எழுதுவதை நாம் இப்படி நம் வாய்க்கணக்கிலேயே சொல்லிவிடலாம். இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புவார்கள், ஏனென்றால் ஒன்றரை டூபா என்றால் ஒன்றரை மடங்கு நீளம் இல்லை. ஒரே சுருதி என்றால் முக்கால் டூபாவுக்கும் ஒன்றரை டூபாவுக்கும் குழாய் நீளம் ஒன்றேதான், இல்லாவிட்டால் சுருதி மாறிப்போகுமே. மாறுவது குழாயின் பருமனும், பெல்லின் அகலமும், மொத்த உருவமும். நாகஸ்வரத்தின் நுனியில் விரிந்திருக்கிற அணசு எப்படியோ அப்படித்தான் இதற்கு பெல். இதற்குப் பொது அளவுகோலும் கிடையாது. ஒரு கம்பெனியின் முழுசு இன்னொரு கம்பெனியின் ஒன்றேகாலுக்குப் பக்கத்தில் நிற்கும். அதனால்தான் இந்த விஷயத்தில் வாதம் ஓய்வதே இல்லை.

ஒன்றரை டூபாவுக்கு அமெரிக்கர்கள் வைத்த செல்லப் பெயர் 'பேட்'. பெரிய டூபா என்பதற்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தையைச் செருகி, மூன்று சொல்லின் முதல் எழுத்தையும் சேர்த்தது. மேடையில் மரியாதையாகச் சொல்ல முடியாததைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஜெர்மன் பக்கத்தில் இதே அளவுள்ள, ரோட்டரி வால்வு, அதாவது சுழல்கிற வால்வு வைத்த பி ஃபிளாட் வாத்தியங்களைக் 'கைசர்' என்பார்கள், சக்கரவர்த்தி என்று பொருள். பழைய அமெரிக்கக் கம்பெனிகள் விலைப்பட்டியலிலேயே 'மான்ஸ்டர்', 'மேமத்', 'ஜம்போ' என்று அச்சடித்து விற்றார்கள். அசுரன், ஆதிகால யானை, சர்க்கஸ் யானை. அந்தக் காலத்து மான்ஸ்டர் ஈ ஃபிளாட் ஒன்றை இன்று எடுத்துப் பார்த்தால் அசுரன் அளவுக்கு இருக்காது. இன்றைய ஒன்றரைக்குப் பக்கத்தில் வைத்தால் சாதுவாகத் தெரியும். ஆனாலும் வைத்திருக்கிறவர்கள் 'என் மான்ஸ்டர்' என்றுதான் சொல்வார்கள், பெயரை விட மனசு வராது.

கனத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பெயர்கள் முழுசாகப் புரியாது. நல்ல பித்தளைச் சூசாஃபோன் ஒன்று 13, 14 கிலோவுக்கு மேல் வரும், அதுவும் இடது தோளில் மட்டும் இறங்குகிற கனம். ஒரு முறை பெருந்துறைப் பக்கம் மண்டபத்து வாசலில் ஊர்வலம் முடிந்து பேண்டு செட்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சூசாஃபோன் வாசித்த பெரியவரிடம் கூட நின்ற பையன் ஒருவன் கேட்டான்: "ஏனுங் மாஸ்டர், இதத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கறீங்களே, தோள் வலிக்காதுங்களா?" அவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊதறப்ப ஒண்ணுந் தெரியாதுங் தம்பி. பாட்டு நின்னாத்தான் கனம் தெரியும்." பேசிக்கொண்டே குழலைத் தோளிலிருந்து இறக்கி, பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார், கடைசியில் ஒரு குழாயைக் கழற்றிச் சாய்த்தார், தரையில் தண்ணீர் சொட்டியது. பார்த்துக்கொண்டிருந்த பொண்ணு வீட்டுக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அது எச்சில் என்று நினைத்திருப்பார். அதில் பெரும்பங்கு எச்சில் இல்லை. மூச்சில் இருக்கிற ஈரம் குளிர்ந்த பித்தளையில் பட்டுத் தண்ணீராகி நிற்பதுதான். 18 அடிக் குழாய்க்குள் அது நின்றுவிட்டால் களகளவென்று சத்தம் கேட்கும், அதனால் இறக்கிச் சுற்றி வடித்தே ஆக வேண்டும்.

சூசாஃபோன் என்றதும் வருகிற பட்டப்பெயர் 'ரெயின்கேச்சர்', மழை பிடிக்கிற குழல். இது வெறும் கிண்டல் இல்லை, ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வைத்த பெயர். ஜான் பிலிப் சூசா என்கிற அமெரிக்க பேண்டு மாஸ்டருக்கு அவர் காலத்து ஹெலிகான் பிடிக்கவில்லை. ஹெலிகானையும் தோளில்தான் சுற்றிப் போடுவார்கள், ஆனால் அதன் சத்தம் ஒரே பக்கமாகப் பாய்கிறது என்று அவருக்குக் குறை. சத்தம் மேலே எழும்பி மொத்த பேண்டின் மேலும் பரவ வேண்டும் என்று கேட்டார். 1893-ல் ஃபிலடெல்பியாவில் ஜே. டபிள்யூ. பெப்பர் நிறுவனம் அவர் யோசனைப்படி பெல்லை வானத்தைப் பார்த்து வைத்து ஒன்று செய்து, அவர் பெயரையே அதற்கு வைத்தது. 1898-ல் கான் நிறுவனமும் செய்தது. அகலமான பெல் அண்ணாந்து நின்றால் மழை நேரே உள்ளே விழும்தானே, பெயர் வந்துவிட்டது. பின்னால் பெல்லை முன்பக்கம் திருப்பினார்கள், நாம் இன்று பார்ப்பது அந்த வடிவம். முன்னோக்கிய பெல் வந்த பிறகுதான், பழையதைத் தனியாகச் சொல்ல ரெயின்கேச்சர் என்கிற பெயருக்குத் தேவையே வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இரண்டு வகை இருக்கும்போதுதானே ஒன்றைப் பிரித்துச் சொல்லப் பெயர் வேண்டும்.

பெல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், உள்ளே வாசிப்பதற்கும் வெளியே வாசிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மண்டபத்துக்குள் மேல்நோக்கிய பெல்லிலிருந்து வருகிற சத்தம் கூரையில் பட்டுப் பரவி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அறை முழுக்க நிறையும், அது ஒரு சுகம். தெருவில் கூரை இல்லை, மேலே போனது போனதுதான். முன்னோக்கிய பெல்லில் உதட்டுத் துடிப்பின் தெளிவு நேரே ஆட்களிடம் வந்து சேரும். ஆனால் ரொம்பக் கீழ்ஸ்தாயி எந்தப் பக்கம் விட்டாலும் சுற்றி வளைத்து வந்துவிடும். அந்தப் பி ஃபிளாட் வாத்தியத்தின் சாதாரணக் கீழ் பி ஃபிளாட் ஒன்றின் அலைநீளமே ஏறக்குறைய 6 மீட்டர். நடுவில் ஒரு வேனோ பஸ்ஸோ நின்றாலும் அது மறைக்காது. ஊர்வலம் தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே பூம் மட்டும் வந்து சேர்வது அதனால்தான். இதே பெல் சமாசாரத்தில் இன்னொரு பெயர் 'ரெக்கார்டிங் பேஸ்'. மைக் வருவதற்கு முன்னால் கொம்பு மாதிரியான கூம்புக்குள் வாசித்துத்தான் இசைத்தட்டுப் பதிவு செய்தார்கள், அதற்காக டூபாவின் பெல்லை முன்னே திருப்பிச் செய்தார்கள். மைக் வந்தும் பல காலம் அந்தப் பெயர் போகவில்லை. பித்தளையும் டிரம்மும் வைத்து அணிவகுக்கிற அமெரிக்க டிரம் கோர் அணிகள் தோள்மேல் படுக்கவைத்து வாசிக்கிற டூபாவுக்குக் 'காண்ட்ரா' என்று பெயர். கனத்துக்குப் பயந்து 1960-களில் பரவிய ஃபைபர் கிளாஸ் சூசாஃபோன்களைப் பித்தளை வாசிக்கிறவர்கள் 'பிளாஸ்டிக்' என்று ஒதுக்குவார்கள். வெயிலில் மூன்று மணி நேரம் நடக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்தப் பிளாஸ்டிக் செய்கிற உபகாரத்தை நினைத்தால் எனக்கு அந்த ஒதுக்கல் நியாயமாகப் படவில்லை.

யார் செய்தது என்பதிலிருந்து வருகிற பெயர்களில் ஒரு தனிக் கதை உண்டு. மிச்சிகனில் கிராண்ட் ரேபிட்ஸ் ஊரில் இருந்த யார்க் நிறுவனம் 1930-களில் ஃபிலடெல்பியா இசைக்குழுவுக்காக மிகப் பெரிய சி டூபா செய்தது. அது கைமாறி ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் என்பவரிடம் வந்தது. அவர் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்ஃபனியில் டூபா வாசித்தவர், மூச்சு விடுவதைப் பற்றி அவர் சொல்லிக்கொடுத்ததை இன்றும் பித்தளை வாத்தியக்காரர்கள் வேதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் வாசித்த சத்தம் மாதிரி வேண்டும் என்று உலகம் முழுக்க ஆசைப்பட்டார்கள், ஆனால் யார்க் கம்பெனியோ எப்போதோ போய்விட்டது. சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்ப்ரன்னர் அதைப் பார்த்துச் செய்ததற்கு 'யார்க்ப்ரன்னர்' என்று பெயர். யமஹா செய்ததை வாசிக்கிறவர்கள் 'யமயார்க்' ஆக்கிவிட்டார்கள். அப்பனும் பிள்ளையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டதால் பெயரைக் கேட்டாலே வம்சம் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் 'ஃபிராங்கன்டூபா'. ஒரு பழைய டூபாவின் உடம்பு, இன்னொன்றின் வால்வு, மூன்றாவதின் பெல் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்து எழுப்பியது. பிணங்களை ஒட்டி உயிர் கொடுத்த ஃபிராங்கன்ஸ்டைன் கதையிலிருந்து எடுத்த பெயர். பார்க்க விகாரமாக இருக்கும், பித்தளையின் நிறம்கூட இடத்துக்கு இடம் மாறும், ஆனால் சிலது புதுசாக வாங்கியதை விட நன்றாக வாசிக்கும். டூபா விலை லட்சக்கணக்கில் போகிறதால் இப்படிச் செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

நம் ஊரில் இந்தப் பெயர் கிடையாது, வேலை உண்டு. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகள் இருக்கிற தெருவில், பெல் நசுங்கிய யூஃபோனியம் ஒன்றைச் சரி செய்வதைப் பார்த்தேன். பட்டறைக்காரர் உருண்டைத் தலை வைத்த இரும்புக் கம்பியை வைஸில் மாட்டி, அதன் மேல் பெல்லைக் கவிழ்த்துப் போட்டு, நசுங்கின இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்து, மரச் சுத்தியால் மெல்ல மெல்ல வெளியே தட்டி எடுத்தார். அடித்ததை விடத் தடவியதுதான் அதிகம். குடத்துக்குச் செய்கிற அதே கை. கொண்டுவந்திருந்த பேண்டுக்காரரிடம், "அண்டா சரியாயிருச்சுங்ணா, ஊதிப் பாருங்" என்றார். அதற்கு அவர் "அண்டாவா, சரி, அப்படியே வெச்சுக்குவோம்" என்று சிரித்தார். வால்வுக்கு அவர் தையல் மிஷின் எண்ணெய்தான் போடுகிறார், திருப்பூரில் அது எந்தக் கடையிலும் கிடைக்கும். வால்வுக்கென்றே வருகிற எண்ணெய் அதை விட மெல்லிசு. மிஷின் எண்ணெய் போட்டால் பிஸ்டன் மேலே வருவதில் கொஞ்சம் சோம்பல் தெரியும், குறிப்பாகக் குளிரில். வாய்ப்பிருந்தால் வால்வு எண்ணெயே போடுங்கள் என்று சொல்வேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் உள்ளே இருக்கிறவர்கள் வைத்த பெயர்கள். வெளியே இருந்து வருகிற பெயர்கள் வேறு மாதிரி. 'பிளம்பிங்' என்பார்கள், குழாய் வேலை என்று. 'ஊம்-பா' என்பார்கள், டூபா ஊம் என்று கீழே இறங்க மற்ற வாத்தியங்கள் பா என்று மேலே பதில் சொல்கிறதை வைத்து. 1945-ல் பால் டிரிப்பும் ஜார்ஜ் கிளைன்சிங்கரும் சேர்ந்து குழந்தைகளுக்குப் பண்ணிய இசைக்கதையில் டூபாவின் பெயரே 'டப்பி', குண்டன். அந்த டப்பிக்குத் தனக்கும் ஒரு மெட்டு வாசிக்கக் கிடைக்காதா என்று ஏக்கம், கடைசியில் ஒரு தவளையிடம் கற்றுக்கொள்கிறது. கதை அன்பானதுதான். ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒன்றை மட்டுமே சொல்கின்றன: பெருசு, குண்டு, ஒரே சத்தம். ரெயின்கேச்சர் என்று கேட்டால் பெல்லின் திசை தெரிகிறது, யமயார்க் என்றால் பரம்பரை தெரிகிறது, ஒன்றரை என்றால் குழாயின் பருமன் தெரிகிறது. குண்டன் என்பதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

யார் சொல்கிறார் என்பதில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பறை அடிக்கிறவர்களை அவர்கள் வாத்தியத்தின் பெயரைச் சொல்லியே இழிவாகக் கூப்பிட்ட வழக்கம் நம் ஊர்களில் இருந்தது, முழுசாகத் தொலைந்தது என்று இன்றும் சொல்ல முடியாது. அங்கே வாத்தியத்தின் பெயர் சிரிப்புக்காக வந்ததில்லை, சாதியைச் சொல்லிக் காட்ட வந்தது. இன்று கோவைப் பக்கத் திருவிழாக்களில் ஜமாப் மேளம் அடிக்கிற பசங்க தங்கள் துடும்பு மேளத்துக்கு ஏதாவது பட்டப்பெயர் வைத்துத் தங்களுக்குள் கத்திக்கொள்வதற்கும், வெளியே நிற்கிற ஒருவன் அவர்களைப் பார்த்து அதையே சொல்வதற்கும் தூரம் அதிகம். டூபாக்காரர்களுக்கு அந்த மாதிரிக் கொடுமை எதுவும் நடக்கவில்லை, இரண்டையும் ஒன்றாக வைக்க மாட்டேன். ஆனால் சுமக்கிறவன் வாயிலிருந்து வந்தால்தான் அது செல்லப் பெயர் என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

டூபாக்காரர்கள் அந்த உரிமையை நன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். 1973-ல் அமெரிக்காவில் அவர்கள் தொடங்கிய சங்கத்துக்கு 'டூபிஸ்ட்ஸ் யுனிவர்சல் பிரதர்ஹுட் அசோசியேஷன்' என்று பெயர் வைத்தார்கள். உலக டூபாக்காரர்கள் சகோதரத்துவச் சங்கம் என்று பெரிய தோரணை, முதல் எழுத்துகளைச் சேர்த்தால் டூபா. 2000-ல்தான் யூஃபோனியத்தையும் சேர்த்துப் பெயரை மாற்றினார்கள். 1974 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் 'டூபா கிறிஸ்மஸ்' என்று நூற்றுக்கணக்கான டூபாவும் யூஃபோனியமும் ஒரே இடத்தில் கூடி கிறிஸ்மஸ் பாட்டு வாசிக்கிறார்கள். ஹார்வி ஃபிலிப்ஸ் என்கிற டூபாக் கலைஞர் தன் குருநாதர் வில்லியம் பெல்லுக்காக நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் தொடங்கியது. குருவின் பிறந்தநாளே டிசம்பர் 25. வாத்தியத்துக்கு ஜிகினாவும் விளக்கும் கட்டிக்கொண்டு வருவார்கள், பெரிய பெல்லில் அலங்காரத்துக்கு இடத்துக்குப் பஞ்சமில்லையே. மே மாதத்து முதல் வெள்ளிக்கிழமையைச் சர்வதேச டூபா தினம் என்று 1979-லிருந்து கொண்டாடுகிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் அந்தோணி லேசன் என்பவருக்கு 'டூபா ஃபேட்ஸ்' என்றே பெயர். 2004-ல் இறக்கும் வரை தெருவில் வாசித்த அந்த மனிதரை ஊரே அப்படித்தான் அறிந்தது. வாத்தியமும் உடம்பும் சேர்ந்து ஒருவருக்குப் பட்டமாகிவிட்டது, அவரும் அதை ஏற்று நடந்தார்.

இப்போது கம்பெனிகளே இந்த விளையாட்டில் இறங்கிவிட்டன. ஜெர்மனியின் மெல்டன் செய்கிற பெரிய பி ஃபிளாட் டூபாவுக்கு 'ஃபாஃப்னர்' என்று பெயர். அது வாக்னரின் இசை நாடகத்தில் வருகிற டிராகன், அந்த டிராகனுக்கு அவர் கொடுத்த வாத்தியமே டூபாதான். பவேரியாவின் மிராஃபோன் 'ஹாகன்', 'சீக்ஃபிரீட்' என்று அதே கதையின் ஆட்களை வைத்திருக்கிறது. அவர்களுடைய எஃப் டூபா ஒன்றுக்குப் 'பெட்ருஷ்கா'. அது ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்த ஒரு பாலே நாட்டியத்தின் பெயர், அதில் கரடி ஆடிவருகிற இடத்தில் டூபா தனியாக வாசிக்கும். முசோர்க்ஸ்கியின் பியானோ இசையை ராவெல் 1922-ல் இசைக்குழுவுக்கு மாற்றியபோது, கனத்த மாட்டு வண்டி ஆடி ஆடி வருகிற பகுதியை டூபாவுக்குத்தான் கொடுத்தார். காங்கேயம் காளை பூட்டின பார வண்டி ஏற்றத்தில் ஏறுவதைப் பார்த்தவர்கள் அந்தப் பகுதியைக் கேட்டால் வேறு விளக்கம் வேண்டாம், நுகத்தடி அழுந்துகிறது தெரியும். டிராகன், கரடி, மாடு என்று இசை எழுதினவர்களே வழிகாட்டிவிட்ட பிறகு விலைப்பட்டியல் போடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

பெருந்துறை மண்டபத்து வாசலில் பார்த்த அந்த செட்டில் இரண்டு பெரிய குழல்கள் இருந்தன. ஒன்று உத்தரப் பிரதேசத்து மீரட்டில் வாங்கியது, இந்தியாவில் பேண்டு வாத்தியம் செய்வதற்குப் பேர்போன ஊர் அது. அதனால் அதற்கு 'மீரட்டு' என்றே பெயர். மற்றது மாஸ்டருடைய மாமனார் காலத்திலிருந்து வருவது, அதைப் 'பெரியவர்' என்கிறார்கள், பேச்சும் மரியாதையோடுதான். வால்வு சிக்கிக்கொண்டால் மாஸ்டர் மற்றவர்களிடம் சொல்வது இதுதான்: "பெரியவருக்கு இன்னைக்கு ஒடம்பு செரியில்லீங், மீரட்ட எடுத்துக்கோங்."